சுவர் காயும் வரை

செம்பாக்கம் ஏரிக்கரையை விட்டுத் தாம்பரம் பக்கம் நடக்கத் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்று பேர் என்னை நிறுத்திவிட்டார்கள். ஒரு கையில் பட்டித் தகடும் பிரஷ்களும் போட்ட வாளி, மற்றக் கையில் ரோலர் கட்டிய கம்பு, சட்டை முழுக்க வெள்ளைப் புள்ளி. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இந்தக் கோலத்தில் ஒருவன் இங்கே தெருவில் நடந்தால் அவனை லேசில் விடமாட்டார்கள். "இன்னாபா, பெயிண்டரா? ரெண்டு ரூம் கீது, வந்து பாக்கறியா?" என்று ஸ்கூட்டரை அணைக்காமலே ஒருவர் கேட்டார். வேலை முடிந்து போய்க்கொண்டிருக்கிறேன் என்றேன். "அதான் முட்ச்சிட்டியே, அப்போ ஃப்ரீதானே? வூடு பக்கத்துலதான்" என்றார். முடியாது என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வருடத்தில் பதினொரு மாதம் இந்த ஊரில் என்னை யாரும் கவனிப்பதில்லை. போகிக்கு முந்தைய நாட்களில் மட்டும் எல்லோருக்கும் நான் வேண்டியவன். இலங்கையில் நான் பிறந்த இடத்தில் வெள்ளையடிக்க ஆள் பிடிக்கிற வழக்கம் கிடையாது. தைக்கு முதல் வீட்டு ஆட்களே சுண்ணாம்பைக் கரைத்து அடித்துக்கொள்வார்கள், மிஞ்சினதை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். மன்னார்ப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு இது தெரியும். இக்கரையில் என்னைப் போல வாளி தூக்குகிற உங்களுக்கு அந்த ஸ்கூட்டர்காரரைத் தெரியும்.

வேலை இருந்தும் நான் வேண்டாம் என்று நடந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் வெளியேறி வந்திருந்தேன். யோகனுக்கு ஒரு போன் பண்ண வேண்டியிருந்தது. அதை எந்த இடத்தில் நின்று பண்ணுவது என்று தெரியவில்லை. ஏரிக்கரையில் பண்ணலாம் என்று நினைத்தேன், பண்ணவில்லை. அடுத்த பஸ் நிறுத்தத்தில் என்று நினைத்தேன், அங்கே கூட்டம். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "கேம்ப்ரோடு, கேம்ப்ரோடு" என்று கூவினார். அது செலையூரில் ஒரு நிறுத்தத்தின் பெயர்தான். ஆனால் கேம்ப் என்று காதில் விழுந்தால் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

யோகன் என்னோடு நாலு வருடமாக வேலை செய்கிறவன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், என்னை அண்ணை என்பான். விழுப்புரம் பக்கத்து அகதி முகாம் ஒன்றில் அவன் மனைவி ராணியும் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளும் இருக்கிறார்கள். நானும் முகாமில் வளர்ந்தவன்தான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். கோயம்புத்தூர், பாலக்காடு, ஓசூர் என்று சுற்றினேன். ஒருமுறை கடல்வழியாக வேறு நாட்டுக்குப் போகப் பார்த்து, பாதியில் பிடிபட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு முகாமில் என் பெயர் இல்லை, இப்போது முகாமுக்கு வெளியே, போலீஸ் ஸ்டேஷன் கணக்கில், வெளிப்பதிவில் இருக்கிறேன். எனக்குக் குடும்பம் இல்லாததால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. யோகனுக்கு அப்படி இல்லை. மாதத்தில் குறித்த ஒரு ஞாயிறு காலையில் முகாமில் செக்கிங் நடக்கும். அதிகாரிகள் நோட்டைத் திறந்து ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். முன்பே இரண்டு முறை வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டு யோகன் தவறியிருந்தான். இந்த முறையும் தவறினால் குடும்பத்திலிருந்து பெயர் எடுபட்டுவிடும் என்று போன தடவையே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெயர் போனால், மனைவி பிள்ளையோடு ஒரே அறையில் படுத்தாலும் கணக்குப்படி அவன் அங்கே இல்லாத ஆள்.

அதனால் செம்பாக்கம் வேலையை ஒத்துக்கொள்ளும்போதே நாங்கள் மணி பார்த்துத் திட்டம் போட்டோம். ஒரே ஒரு அறை. வெள்ளிக்கிழமை சுரண்டி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, ப்ரைமர் அடிப்பது. சனிக்கிழமை காலை முதல் கோட், அது காய்ந்ததும் இரண்டாவது கோட், அதுவும் காய்ந்ததும் புத்தக அலமாரியை இருவருமாகத் தூக்கிச் சுவரோடு வைப்பது. மாலை ரயிலில் யோகன் ஞாயிற்றுக்கிழமை செக்கிங்குக்கு விழுப்புரம் போய்விடுவான். அலமாரி தேக்கு, தனி ஆளால் அசைக்க முடியாது. மற்ற எதையும் நான் தனியே பார்த்துக்கொள்வேன்.

வீட்டுக்காரர் வசந்தாம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து இரண்டு வருடம். வெளிநாட்டிலிருந்து மகள் பொங்கலுக்கு வருகிறாள் என்று கணவருடைய அறையைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். முதல் நாள் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் கேரளாவாப்பா?" என்றார். "அதுக்கும் கீழை, அம்மா" என்றான் யோகன். அவர் நாகர்கோவில் என்று எடுத்துக்கொண்டார். பிறகு தேநீர் கொண்டுவரும்போதெல்லாம் "உங்க ஊர்ல இப்ப மழையா, அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்டார். நாங்களும் விழுகிறது என்றே சொல்லிவந்தோம். உண்மையைச் சொன்னால் அதற்குப் பின் வரும் கேள்விகளுக்கு அரை நாள் போகும்.

அந்த அறையில் தரையிலிருந்து கூரை வரை புத்தகங்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை காலை அவற்றைக் கூடத்தில் பழைய போர்வைகள் விரித்து அடுக்கினோம். "அவர் வெச்ச ஆர்டர் மாறக்கூடாது தம்பி" என்று வசந்தாம்மா ஒவ்வொரு அடுக்கின் மேலும் துண்டுச் சீட்டு வைத்தார். யோகன் செங்கல் கைமாற்றுவதுபோல் மும்மூன்றாய்க் கொடுத்தான். நான் ஒவ்வொன்றாக வாங்கினேன். "அண்ணை, இது புத்தகம். பச்சைப்பிள்ளை இல்லை. கெதியா வாங்குங்கோ" என்றான். அப்படி வாங்கும்போதுதான் அட்டை பிய்ந்த ஒரு நாவல் என் கையில் வந்தது. பெயரும் இல்லை, எழுதியவர் யார் என்றும் இல்லை. ஒரு கப்பல் சமையல்காரன் பெயர் தெரியாத துறைமுகத்தில் இறங்கிவிட்டு, கப்பல் புறப்படும்போது திரும்ப ஏறாமல் நின்றுவிடுகிறான். முதல் பக்கத்திலேயே அது நடந்துவிடுகிறது. அந்தப் புத்தகத்தை மட்டும் அடுக்கில் வைக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

எங்கள் ஊரில் வாசிகசாலை இருந்தது. ஓலைக் கூரை, உட்கார இரண்டு வாங்கு, ஒரு மேசை. கடலுக்குப் போய் வந்தவர்களும் கடைக்குப் போகிறவர்களும் காலையில் அங்கே உட்கார்ந்து பேப்பரும் கதைப் புத்தகமும் வாசிப்பார்கள். என்ன வாசிக்கிறாய் என்று கேட்பார்களே தவிர, ஏன் வாசிக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. இக்கரைக்கு வந்தபிறகு வாசிப்பது எனக்கு ஒளித்துச் செய்கிற காரியமாகிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு வீட்டில், வேலை முடிந்ததும் ஒரு புத்தகத்தை இரவல் தருவீர்களா என்று கேட்டேன். வீட்டுக்காரர் மரியாதையாகச் சிரித்துவிட்டு உள்ளே போய் அலமாரிக் கண்ணாடியைப் பூட்டினார். அவர் கெட்டவர் இல்லை, பெயிண்டருக்குத் தேநீர் தர வேண்டும் என்று தெரிந்தவர். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து நான் யாரிடமும் கேட்பதில்லை. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் சுவர் காயும் நேரத்தில், அந்த அறையிலேயே இருந்து வாசித்துக்கொள்வேன். கோடையில் அது ஒன்றரை மணி நேரம். மார்கழியில் பனியும் ஈரக்காற்றும் சேர்ந்து மூன்று மணி நேரம் கிடைக்கும். குளிர்காலம் எனக்குப் பிடித்ததற்கு வேறு காரணம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் கோட் முடிந்தது. வெளியே ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல் அடிக்க யோகன் ஏணியில் ஏறிவிட்டான். நான் காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, கிழக்கு ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்தேன். புத்தகப் பக்கங்களில் கறை படாமலிருக்கப் பேப்பர் துண்டால் மடக்கிப் பிடித்துக்கொண்டேன். ஈரப் பெயிண்ட் வாசனையும் பழைய தாள் வாசனையும் ஒன்றாய் வந்தன. எங்கோ கோயிலில் ஒலிபெருக்கி பாடி ஓய்ந்தது. வசந்தாம்மா இஞ்சி போட்ட தேநீரை எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். செத்துப்போன மனிதர் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். சமையல்காரன் மீன்குழம்பு வைக்கிற இடத்தில் 'இவ்வளவு உப்பா?' என்று இருந்தது. இன்னோர் இடத்தில் 'ஏமாந்தான்.' நான் அறியாத ஒருவரோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. வெயில் என் முழங்காலிலிருந்து பாதத்துக்கு இறங்கியது, நான் வாளியை நகர்த்திக்கொண்டேன். அந்த மூன்று மணி நேரத்தைப் போல் ஒன்று எனக்கு வருடத்தில் இரண்டு தரம்கூடக் கிடைப்பதில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அடுத்து நான் செய்ததற்கு அது மட்டும்தான் காரணம்.

பதினொரு மணிக்கு வெளியிலிருந்து யோகன் கேட்டான். "அண்ணை, காய்ஞ்சுட்டுதோ?"

நான் எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தேன். ஈரச் சுவர் கையில் குளிரும். அது குளிரவில்லை, நன்றாகவே காய்ந்திருந்தது. புத்தகத்தில் இன்னும் ஐம்பது பக்கம் இருந்தது. சமையல்காரனைத் தேடி அவன் தம்பி அந்தத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியிருந்தான்.

"இல்லையடா. இன்னும் ஈரமாத்தான் கிடக்கு. பனி" என்றேன்.

"இந்த ஊர்ப் பனிக்கு ஒரு கும்பிடு" என்றான் யோகன். உள்ளே வந்து தொட்டுப் பார்க்கவில்லை. சுவர் விஷயத்தில் என் கைதான் அவனுக்குக் கடைசிச் சொல். பன்னிரண்டரைக்குத் திரும்பவும் கேட்டான். "ரயில் இருக்கு அண்ணை, மறந்திடாதேங்கோ." எனக்கு முப்பது பக்கம் இருந்தது. இன்னும் ஒரு அரை மணி என்றேன். அந்த அரை மணி ஒன்றரை மணியானது. இரண்டு மணிக்குப் புத்தகத்தை முடித்து, ஜன்னல் கட்டையில் குப்புற வைத்துவிட்டு, "வா, அடிப்பம்" என்று கூப்பிட்டேன். இருவரும் ஓட்டமாய் அடித்தோம். மூன்றரைக்கு முடிந்தது. ஐந்தரைக்குள் காய்ந்துவிடும், ஆறரை ரயிலைப் பிடித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மதியத்துக்கு மேல் அந்த அறையில் வெயில் இல்லை. கொசுவுக்குப் பயந்து வசந்தாம்மா ஜன்னல்களைச் சாத்திவிட்டார். ஐந்தரைக்குக் கை வைத்தேன், குளிர்ந்தது. ஆறு மணிக்கும் குளிர்ந்தது. இந்த முறை நான் சொன்னது உண்மை. அலமாரியை அப்படியே தள்ளினால் தேக்குக் காலும் முதுகும் சுவரில் ஒட்டிக்கொண்டு, செய்த வேலை பாழாகும். அவனைப் போகச் சொன்னேன். "விட்டிட்டுப் போனா இதை ஆர் தூக்குறது? அம்மாவோ?" என்று சிரித்தான். ஏழரைக்குத் தூக்கி வைத்தோம். ரயில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"பரவாயில்லை அண்ணை, இப்ப போனா முகாமுக்குக் கடைசி பஸ் கிடைக்காது. விடிய முதல் பஸ்ஸில ஏறினா எட்டுக்கு நிப்பன்" என்றான். விடியும் முன்பே கிளம்பிப் போனான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் மூடுபனியும் லாரிகளும் சேர்ந்து பஸ் ஊர்ந்ததாம். அவன் முகாம் வாசலில் இறங்கியபோது மணி பத்து. நோட்டை மூடிக்கொண்டு ஒன்பது மணிக்கே போயிருந்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, நேரத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ராணி முன்னால் போய் நின்று, வந்துகொண்டிருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். பதினொரு மணிக்கு எனக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னவன், "பனிதான் அண்ணை கெடுத்தது, நேற்றும் இன்றைக்கும்" என்றான். அப்போது நான் புத்தகங்களை வசந்தாம்மாவின் சீட்டுப்படி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பத்து வயதில் நாங்கள் படகேறக் கரையில் காத்திருந்த நாளில், தண்ணீர்க் கேனைப் பார்த்துக்கொள் என்று அம்மா என்னிடம் விட்டுப்போனாள். யாரோ சாமான் சுற்றிக்கொண்டுவந்த ஒரு பழைய வாரப்பத்திரிகைத் தாள் என் கையில் அகப்பட்டது. அதில் ஒரு கதையின் நடுப்பகுதி இருந்தது. படகுக்கு ஓடச் சொன்னபோது தாளோடு ஓடினேன், கேன் கரையில் நின்றது. பதினெட்டுப் பேருக்கு வழியில் குடிக்கத் தண்ணீர் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா மட்டும் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அது பிள்ளை செய்த பிழை, மறந்தது. இது மறதி இல்லை. நான் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது.

வேலை முடிந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வசந்தாம்மா வந்தார். அட்டையில்லாத புத்தகம் அவர் கையில் இருந்தது. "நேத்து நீங்க படிச்சிட்டிருந்தீங்க இல்ல, அதான் சாப்பாட்டுக்கு லேட்டாக் கூப்பிட்டேன். அவரும் இப்படித்தான், நடுவுல கூப்பிட்டாக் கத்துவார்" என்றார். பிறகு, "இதை நீங்களே வெச்சுக்கோங்க தம்பி. இங்க யார் படிக்கப்போறா?" என்று நீட்டினார்.

கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையே தந்திருப்பார். பஸ்ஸில், என் அறையில், எங்கே வேண்டுமானாலும் வைத்து முடித்திருக்கலாம். "வேண்டாம் அம்மா" என்றேன்.

"பிடிச்சுத்தானே படிச்சீங்க?"

"பிடிச்சுது. வேண்டாம்."

அவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "அட்டை போனதைக் குடுக்கறேன்னு நினைச்சுட்டீங்களா? சாரிப்பா. இருங்க, நல்ல காப்பியா வேற எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனார். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் வாளியையும் கம்பையும் எடுத்துக்கொண்டு கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தேன். அவர் புத்தகத்தோடு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்திருப்பார். நாகர்கோவில்காரர்கள் இப்படித்தான் போலும் என்று நினைத்திருப்பார்.

கடைசியில் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டில், மேலே போகிறவர்களுக்கும் கீழே வருகிறவர்களுக்கும் ஒதுங்கி நின்றுகொண்டு போன் பண்ணினேன்.

"சொல்லுங்கோ அண்ணை."

"யோகன், சுவர் பதினொரு மணிக்கே காய்ஞ்சுபோச்சு."

"எந்தச் சுவர்?"

"நேற்று. முதல் கோட். ஈரம் எண்டு நான் பொய் சொன்னனான். ஒரு புத்தகம் வாசிச்சுக்கொண்டிருந்தனான், முடிக்கோணும் எண்டு."

பின்னால் ராணி யாரது என்று கேட்பது கேட்டது. "அண்ணைதான்," என்றான் அவளிடம். "சுவர் காய்ஞ்சுட்டுதாம்."

பிறகு என்னிடம் கேட்டான். "முடிச்சிட்டியளோ?"

"ஓம்."

"நல்லம்."

அவன் முகாமில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாசிக்கிறவன் என்பதால் எனக்கு இருக்கிற ஒரே மதிப்பு அதுதான். யோகனுக்குப் பெயரைத் தவிர வேறு எழுத வராது. விடிய முதல் ரயிலில் வந்து மனு எழுதித் தருகிறேன் என்றேன். "வேண்டாம் அண்ணை. இந்த முறை வேறை ஆளைப் பிடிக்கிறன்" என்றான். குரலில் கோபம் இல்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மனுவோடு நாளைக்குத் தாலுகா ஆபிசுக்குப் போக வேண்டும், எத்தனை நாள் இழுக்கும் என்று தெரியாது என்றான். பொழிச்சலூர் அடுக்குமாடி வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தான், மூன்று மாத வேலை. திங்கட்கிழமை ஆள் நிற்காவிட்டால் அந்த இடம் போய்விடும்.

"உன்ரை இடத்தில நான் போய் நிக்கிறன். நீ வரும்வரைக்கும்."

"உங்கடை விருப்பம்" என்று போனை வைத்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பொழிச்சலூரில் அந்தக் கட்டடத்தின் முன் நின்றேன். அங்கே உள்ளறை வேலை கிடையாது, எல்லாம் வெளிச்சுவர்தான். மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டி, பலகையில் உட்கார்ந்து இறங்கி அடிக்க வேண்டும். மேஸ்திரி ஒரு தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"யாருபா யோகநாதன்?"

"நான்தான் சார்."

அவர் தாளையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "லிஸ்ட்ல முப்பத்தெட்டுன்னு கீது. நீ இன்னா நரச்சுக்கினு கீறே?"

"அது பெயிண்ட் சார்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்துவிட்டு டிக் போட்டார். இடுப்பில் பெல்ட்டை மாட்டி, ஐந்தாம் மாடி உயரத்தில் என்னை இறக்கினார்கள். தரையிறங்குகிற விமானங்கள் தலைக்கு மேலே தாழப் போனபோதெல்லாம் பலகை அதிர்ந்தது. அன்று முழுக்கக் கீழேயிருந்து "யோகநாதா" என்று கூப்பிட்டபோதெல்லாம் நான் குனிந்து பார்த்துக் கையை அசைத்தேன்.